பின்னாலிருந்து வரும் ஊளை

பழைய காரின் பின்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் கிளம்பிவிட்டால் போதும், ‘டிஃபரன்ஷியல் போய்விட்டது’ என்று தீர்ப்பு வந்துவிடுகிறது. டிஃபரன்ஷியல் என்பது பின் அச்சின் நடுவே, எஞ்சினின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி. என் காருக்கும் அப்படித்தான் வந்தது. ஒரு பட்டறையில் பின் அச்சையே கீழே இறக்கி, அதிலுள்ள கிரவுன் வீல், பினியன் என்ற ஜோடிப் பல்சக்கரங்களை மாற்றிக் கொடுத்தார்கள். வண்டியை எடுத்து வந்த அன்றே அதே உறுமல். கடைசியில் பார்த்தால், கெட்டுப்போயிருந்தது இடப்பக்கச் சக்கரத்தின் பேரிங். பல ஆண்டுகள் ஒன்றோடொன்று உராய்ந்து இழைந்து பழகிய ஒரு ஜோடிப் பல்சக்கரங்கள் பழைய இரும்போடு போய்விட்டன. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை. கழற்றுவதற்கு முன் வண்டியை அரை மணி நேரம் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டியிருந்தால் அவை பிழைத்திருக்கும்.

பின்சக்கரங்களால் ஓடும் காரில் எஞ்சினின் விசை புரொப்பல்லர் ஷாஃப்ட் என்ற நீளமான சுழலும் தண்டு வழியாகப் பின்னால் வருகிறது. அதன் முனையில் இருக்கும் சிறிய பல்சக்கரம் பினியன். அது பெரிய கிரவுன் வீலைச் சுழற்றுகிறது. விசை அங்கே செங்கோணத்தில் திரும்புகிறது, வேகமும் குறைகிறது. கிரவுன் வீலோடு பிணைந்த கூட்டுக்குள் ஸ்டார் பினியன்கள் என்ற சிறு பல்சக்கரங்கள் இருக்கின்றன. வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டியிருப்பதால், இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல அவை இடம் கொடுக்கின்றன. நேர் சாலையில் இந்த ஸ்டார் பினியன்கள் தம் அச்சில் சுழல்வதே இல்லை, கூட்டோடு சேர்ந்து சும்மா சுற்றி வருகின்றன. ஆகவே நேராக ஓடும்போது இடைவிடாமல் கேட்கும் ஊளைக்கு அவை காரணமாக இருக்க முடியாது. திரும்பும்போது மட்டும் கடகடவென்று கேட்டால்தான் அவற்றின் பக்கம் பார்க்க வேண்டும்.

சத்தத்தின் சுருதியைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம் என்பது இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பினியனுக்கு 10 பற்கள், கிரவுன் வீலுக்கு 41 பற்கள், டயரின் சுற்றளவு 1.9 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 8.8 முறை சுழலும். ஒவ்வொரு சுற்றிலும் 41 பற்கள் பினியனைத் தொட்டு விலகுவதால் நொடிக்குச் சுமார் 360 தொடுகைகள். பற்கள் தேய்ந்திருந்தாலோ, பினியனும் கிரவுன் வீலும் சரியான இடத்தில் பொருந்தாவிட்டாலோ, அந்த 360 தொடுகைகளும் ஒரே நீண்ட ஊளையாகக் காதில் விழும். வேகத்தைப் பாதியாக்கினால் சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும். ஒலியின் அதிர்வெண்ணைக் காட்டும் செயலியைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தால் இதை நேரிலேயே சரிபார்க்கலாம். அதே வேகத்தில் புரொப்பல்லர் ஷாஃப்ட் நொடிக்கு 36 முறை சுழல்கிறது. அதன் சமநிலை தவறினால் காதுக்கு முன்பே உட்காரும் இடத்தில் ஓர் அதிர்வாகத் தெரியும். கிரவுன் வீலில் ஒரு பல் உடைந்திருந்தால் சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஒரு ‘டக்’ கேட்கும். உடைந்தது பினியனின் பல் என்றால் அதே சுற்றில் நான்கு முறை.

பற்களின் எண்ணிக்கை 40 என்று வட்டமாக இல்லாமல் 41 ஆக இருப்பதிலும் ஒரு காரணம் உண்டு. 40க்கு 10 என்றால் பினியனின் ஒரு பல் கிரவுன் வீலின் அதே நான்கு பற்களையே காலமெல்லாம் சந்தித்துக்கொண்டிருக்கும், ஒரு பல்லின் குறை அந்த நான்கையும் அரித்துவிடும். 41 என்றால் ஒவ்வொரு பல்லும் எதிர்ப்பக்கத்தின் எல்லாப் பற்களையும் முறைவைத்துத் தொடும், தேய்மானம் பரவிவிடும். இப்படி ஒன்றோடொன்று இழைந்து போவதால்தான் கிரவுன் வீலையும் பினியனையும் எப்போதும் ஜோடியாகவே மாற்றுகிறார்கள்.

இனி சோதனை. ஆளில்லாத நேர் சாலையில், ஊளை கேட்கும் வேகத்தில், ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்துங்கள், பிறகு முழுவதும் விடுங்கள். அழுத்தும்போது பல்லின் ஒரு முகம் தள்ளுகிறது. விட்டதும் சக்கரங்கள் எஞ்சினை இழுப்பதால் விசை மறுமுகத்துக்கு மாறுகிறது. ஊளை ஒரு நிலையில் மட்டும் கேட்டால் பற்களின் தேய்மானம் அல்லது பொருத்தக் கோளாறு. விட்டவுடன் ஊளை பெரிதானால், பினியனைத் தாங்கும் பேரிங்குகளின் இறுக்கம் தளர்ந்து பினியன் முன்னும் பின்னும் நகர்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அழுத்தினாலும் விட்டாலும் மாறாத கொரகொரப்பு என்றால் பேரிங் அல்லது டயர். டயரின் சத்தம் சாலையின் மேற்பரப்பு மாறினால் மாறும். பேரிங்குக்குச் சாலையைப் பற்றிக் கவலையில்லை.

சக்கர பேரிங்கைக் கண்டுபிடிக்க வண்டியை மிதமான வேகத்தில் இலேசாக இடமும் வலமும் வளைத்து ஓட்ட வேண்டும். இடப்பக்கம் திரும்பினால் எடை வலச்சக்கரத்தின் மேல் சாயும். அப்போது உறுமல் ஓங்கினால் வலப்பக்க பேரிங்கைச் சந்தேகிக்கலாம். ஐயம் தீராவிட்டால் முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி, உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் நுழையவே கூடாது. கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, ஒரு கையால் சக்கரத்தை மெதுவாகச் சுற்றிக்கொண்டே மறுகையின் விரல் நுனிகளை அந்தப் பக்கத்து சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின் மேல் வையுங்கள். நல்ல பேரிங் என்றால் விரலுக்கு ஒன்றும் தெரியாது. கெட்ட பேரிங் என்றால் மணலைத் துணியில் கட்டி உருட்டுவது போன்ற நறநறப்பு கம்பிச் சுருள் வழியாக ஏறி வரும். என் காரின் இடப்பக்கத்தில் அதை உணர எனக்கு இரண்டே சுற்றுகள் போதுமாக இருந்தன.

கிளட்ச்சை விடும்போது ‘டங்’ என்று ஒரு அடி விழுந்தால் விஷயம் வேறு. எங்கோ ஓர் இடைவெளி கூடிவிட்டது. கிரவுன் வீலுக்கும் பினியனுக்கும் இடையே பொதுவாக 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை இடைவெளி இருந்தே ஆக வேண்டும். ஆனால் அச்சைக் குறை சொல்வதற்கு முன் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் மூட்டான யூனிவர்சல் ஜாயின்ட்டைக் கையால் முறுக்கிப் பாருங்கள். அதன் மூடிகளின் ஓரத்தில் துருச் சிவப்பில் தூள் படிந்திருந்தால் அங்கே கிரீஸ் வற்றிவிட்டது.

பின் அச்சுக்குள் இருக்கும் ஆயிலும் பேசும். அதை வடிப்பதற்கு முன் நிரப்பும் துளையின் பிளக் கழல்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். வடித்த பிறகு அது இறுகிப்போயிருப்பது தெரிந்தால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான். வடிக்கும் பிளக்கில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருப்பதை விரலில் தேய்த்துப் பாருங்கள். மை போன்ற சாம்பல் நிறப் பசை இயல்பான தேய்மானம். விரலைக் குத்தும் செதில்கள் வந்தால் பேரிங்கோ பல்லோ உரிந்துகொண்டிருக்கிறது, வண்டியை நிறுத்திவிட வேண்டும். பினியன் அச்சு கிரவுன் வீலின் மையத்துக்குக் கீழே அமைந்த ஹைபாய்டு வகையில் பற்கள் உருள்வதோடு ஒன்றின் மேல் ஒன்று வழுக்கவும் செய்வதால், அதற்கென்றே உள்ள கியர் ஆயில்தான் ஊற்ற வேண்டும்.

ஆயில் குறைந்ததற்குப் பினியன் சீல், அதாவது பினியனைச் சுற்றி ஆயில் வெளியேறாமல் தடுக்கும் வளையம், கசிவது காரணமாக இருந்தால், சீலை மாற்றுமுன் அச்சின் மேலிருக்கும் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே அழுத்தம் ஏறினால் புதிய சீலும் கசியும். சீலை மாற்றப் பினியன் நட்டைக் கழற்ற வேண்டும். கழற்றுமுன் நட்டிலும் ஷாஃப்ட் முனையிலும் ஒரே நேராகக் கோடு கீறிவையுங்கள். பல கார்களில் பினியனைத் தாங்கும் இரு பேரிங்குகளுக்கும் நடுவே நசுங்கும்படி செய்த ஓர் உருளை இருக்கிறது. பேரிங்கின் இறுக்கம் அதைப் பொறுத்தது. கோட்டைத் தாண்டி நட்டை முறுக்கினால் உருளை மேலும் நசுங்கி, பேரிங்குகள் நெரிபட்டுச் சூடேறும். கசிவுக்காகப் போன வண்டி ஊளையோடு திரும்பி வருவது பெரும்பாலும் இதனால்தான்.