300 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஏன்?

விமானங்களுக்குப் பறப்புத் திட்டம் தயாரிக்கும் பணியில் இருப்பதால், தெரிந்தவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. இரண்டு சிறு விமான நிலையங்களுக்கு இடையே 300 கிலோமீட்டர்தான், பறக்கும் நேரம் 21 நிமிடம் என்று இணையக் கணிப்பான் காட்டுகிறது. பயணச்சீட்டிலோ 1 மணி 10 நிமிடம் என்று போட்டிருக்கிறது. மீதி நேரம் எங்கே போகிறது என்பார்கள். சீட்டில் உள்ளதையே நம்புங்கள் என்பதுதான் என் பதில்.

கணிப்பான் செய்வது வெறும் வகுத்தல் கணக்கு. பூமியின் வளைந்த பரப்பில் இரு புள்ளிகளுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய தொலைவை எடுத்துக்கொண்டு, பெரிய ஜெட் விமானம் உச்ச உயரத்தில் சீராகச் செல்லும் வேகமான மணிக்கு 850 கிலோமீட்டரால் அதை வகுத்துவிடுகிறது. சில தளங்கள் ஏறவும் இறங்கவும் என்று அரை மணி நேரத்தைச் சேர்த்துக் காட்டுகின்றன என்றாலும், அன்று காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்பது அவற்றுக்கும் தெரியாது.

முதலில், இத்தகைய தடங்களில் பறப்பவை பெரும்பாலும் ஏடிஆர் 72 போன்ற, வெளியே சுழலும் விசிறிகளால் இயங்கும் டர்போபிராப் விமானங்கள். சமநிலையில் பறக்கும்போதே அவற்றின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர்தான்; குறுகிய தடத்தில் பாதி நேரம் ஏறுவதிலும் இறங்குவதிலுமே கழிவதால், சராசரி 400 அளவுக்கு வந்துவிடும்.

அடுத்தது வழி. விமானம் பொதுவாகக் காற்றை எதிர்த்தே மேலெழும் என்பதால், கிழக்கே உள்ள ஊருக்குப் போக வேண்டியது மேற்கு நோக்கிக் கிளம்பிப் பிறகு திரும்புவது சாதாரணம். சென்று சேரும் இடத்திலும், ஓடுபாதையின் ஒரு முனைக்கு மட்டுமே கருவி வழித் தரையிறங்கும் வசதி (ஓடுபாதை கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாதபோது ரேடியோ சைகைகளால் வழிகாட்டுவது) இருந்தால், மேகமூட்டமான நாளில் அந்த முனைக்குச் சுற்றிப் போக நேரிடலாம். வரைபடத்தின் 300 கிலோமீட்டர் என் பறப்புத் திட்டத்தில் 340 ஆவது இப்படித்தான். 340 கிலோமீட்டருக்கு 51 நிமிடம், ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்ல 10, இறங்கியபின் நிறுத்துமிடம் சேர 5; ஆக 66 நிமிடம், ஏறத்தாழச் சீட்டில் உள்ளதே. சீட்டில் அச்சிடப்படும் நேரம், விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனையில் வந்து நிற்பது வரையிலானது. வானில் இருக்கும் நேரம் மட்டும் அன்று.

எதிர்காற்றில் இழந்ததைத் திரும்பி வருகையில் ஈடுகட்டிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். 500 கிலோமீட்டர் வேகத்தில் 400 கிலோமீட்டர் போய்வரக் காற்றில்லாத நாளில் 96 நிமிடம் ஆகும். மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று வீசினால், போக 60, வர 40, ஆக 100 நிமிடம். பாதகமான வேகத்தில்தான் அதிக நேரம் செலவிடுகிறோம் என்பதால், காற்று எடுத்துக்கொண்டதை முழுவதுமாகத் திருப்பித் தருவதில்லை.

நேர மண்டலத்தைக் கடக்கும் பயணமானால் இன்னொரு குழப்பமும் சேரும். புறப்பாடும் வருகையும் அந்தந்த இடத்து நேரப்படியே அச்சிடப்படுவதால், ஒன்றிலிருந்து மற்றொன்றை நேரடியாகக் கழித்துப் பயண நேரம் கணக்கிடக் கூடாது.

கணிப்பானின் நேரத்தை நம்பித் தொடர் பயணத்தைத் தனித்தனிச் சீட்டுகளாக எடுப்பவர்களுக்கே இழப்பு அதிகம். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதற்குப் பொதுவாக எந்த நிறுவனமும் பொறுப்பேற்காது. ஒரே முன்பதிவில் எடுத்திருந்தால், மாற்று விமானத்தில் இடம் தருவது வழக்கமாக அவர்கள் பொறுப்பு.