குளமில்லாத வாய்க்கால்

கும்பகோணத்தில் ஒரு ஸ்கேன் சென்டர். வலது விலாவுக்குக் கீழே வலி என்று அத்தையை அழைத்துப் போயிருந்தேன். "வெறும் வயிறுதானேம்மா?" என்று கேட்டார் நர்ஸ். "ஆமா, ஒண்ணும் சாப்பிடலை. காபி மட்டுந்தான்" என்றார் அத்தை. நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

காபி மட்டுமா பிரச்சினை? அதிலுள்ள பாலும்தான். கல்லீரல் பித்தநீரைச் சுரந்துகொண்டே இருக்கும். ஆற்றிலிருந்து பிரிகிற வாய்க்காலில் குளம் நிறைவதுபோல, பட்டினி நேரத்தில் அது பித்தப்பையில் சேரும். கொழுப்பு சிறுகுடலுக்கு வந்ததும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் அந்தப் பையைப் பிழிந்துவிடும். 30 முதல் 50 மில்லி பிடிக்கும் பை சுருங்கிவிட்டால் அல்ட்ராசவுண்டில் சரியாகத் தெரியாது.

மறுநாள் பச்சைத்தண்ணீரோடு போனோம். 'சுருங்கிய பித்தப்பை, கல் இருக்கலாம்' என்றது ரிப்போர்ட். ஆபரேஷனுக்குத் தேதி குறிப்பார் என்று நினைத்தால், சர்ஜன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ராத்திரியெல்லாம் பட்டினி. அப்புறம் ஏன் சுருங்கணும்?"

கருவின் நான்காவது வாரத்தில் முன்குடலிலிருந்து ஒரு மொட்டு கிளம்பும். அதன் ஒரு கிளை கல்லீரலாகும், இன்னொன்று பித்தப்பையாகும். இரண்டாவது வளராமல் போனால் பையே இருக்காது. லட்சம் பேரில் 10 முதல் 65 பேர் வரை இப்படி என்பது கணக்கு. குளம் இல்லாவிட்டாலும் ஆறு ஓடும். அதனால் பலருக்குக் கடைசிவரை தெரிவதேயில்லை. சிலருக்கு மட்டும் கல் இருப்பது போலவே வலிக்கும். பக்கத்துக் குடலில் உள்ள காற்று திரையில் கல்லைப் போலவே நிழல் போடும். அதை நம்பிக் கத்தி வைத்தால், இல்லாத பையைத் தேடும்போது, பித்தநீர் குடலுக்குப் போகும் குழாயான பித்தநாளம் அறுபடலாம். அதுதான் பயம்.

இதற்கு நேரெதிரும் உண்டு. ஏறக்குறைய 4000 பேரில் ஒருவருக்கு இரண்டு பை. ஒன்றை மட்டும் எடுத்தால் வலி போகாமலும் இருக்கலாம்.

சந்தேகம் தீர எம்.ஆர்.சி.பி. எடுத்தார்கள். நிற்கிற நீரைப் பளிச்சென்று வெள்ளையாகக் காட்டும் எம்.ஆர்.ஐ. அது, ஊசிமருந்து தேவையில்லை. அத்தையின் படத்தில் பித்தநாளம் வெள்ளைக் கோடாக இறங்கியது. கிளைவாய்க்காலும் இல்லை, குளமும் இல்லை. ஆபரேஷன் இல்லை, மாத்திரை போதும் என்றார் சர்ஜன்.

வீட்டுக்கு வரும் வழியில் அத்தை கேட்டார்: "பையே இல்லாதவளுக்கு அன்னிக்குக் காபி என்னடா பண்ணியிருக்கும்?"