அப்பாவும் பாலூட்டலாம், பாட்டிலில் தொடங்க வேண்டாம்

காரைக்குடியில் குழந்தை மருத்துவம் பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் சீக்கிரமே பழகிவிடும். கைக்குழந்தையோடு உள்ளே வருவது பெரும்பாலும் பெண்கள்தான்: பெற்றவள், அவளுடைய அம்மா, கூட ஒரு சித்தியோ பெரியம்மாவோ. அப்பா சென்னையில் இருப்பார், இல்லையென்றால் சிங்கப்பூரில். ஊரில் இருக்கும் அப்பாக்கள்கூட வெளியே வண்டியில் காத்திருந்துவிட்டு, மருந்துச் சீட்டு வாங்க மட்டும் எட்டிப் பார்ப்பார்கள்.

பிரசவத்துக்குத் தாய்வீடு போவது நம் பக்கத்து வழக்கம். பச்சை உடம்புக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. மருந்து அரைத்துக் கொடுக்க, வெந்நீர் ஊற்ற ஆள் இருக்கும். ஆனால் குழந்தையின் அப்பா அந்த வீட்டில் மாப்பிள்ளை. வெள்ளிக்கிழமை பல்லவன் ரயிலில் வந்து இறங்கினால் அவருக்கு முகப்பில் நாற்காலி, காபி, வெள்ளைப் பணியாரம். குழந்தையைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, ஐந்து நிமிடம் கையில் கொடுப்பார்கள். அழ ஆரம்பித்தால் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர் கிளம்பிவிடுவார்.

இப்படி விருந்தாளியாக வந்துபோனவர், நாமும் ஏதாவது செய்வோமே என்று ஒருநாள் நினைத்தால், அவருக்குத் தெரிந்த ஒரே வழி பாட்டிலும் பவுடர் டின்னும்தான்.

வெளிநாட்டிலிருந்து ஒரு மாத லீவில் வந்திருந்த ஒருவர் அப்படித்தான் செய்தார். குழந்தைக்கு ஐந்து வாரம். "நீ தூங்கு, ராத்திரி நான் பாத்துக்கிறேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, இரவில் இரண்டு வேளை பவுடர் பால் கொடுத்தார். முதல் இரவிலேயே அவளுக்குப் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகிவிட்டது. விடியற்காலையில் குளிர்காய்ச்சல். இரண்டு மூன்று நாளில் வலி தணிந்தது. அப்புறம் பகலிலும் பால் குறைய ஆரம்பித்தது. என்னிடம் வந்தபோது பெண்ணின் அம்மா முடிவே கட்டிவிட்டார்: "பால் வத்திப் போச்சு டாக்டர், எனக்கும் இப்படித்தான்."

பால் வற்றிப்போகவில்லை. பாலைச் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் இரவில்தான் கூடுதலாக இருக்கும். மார்பில் பால் தேங்கி நின்றால், இவ்வளவு வேண்டாம் போலிருக்கிறது என்று உடம்பு சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு எவ்வளவு பால் என்று அது கணக்குப் போட்டுக்கொள்வது முதல் சில வாரங்களில்தான். அந்தச் சமயத்தில் இரவு வேளைகளைத் தாண்டிப் போனால் கணக்கு குறைவாகத்தான் வரும். அந்தப் பெண்ணுக்கு நாங்கள் பெரிய வைத்தியம் எதுவும் செய்யவில்லை. இரவு பாட்டிலைப் படிப்படியாக நிறுத்தினோம், அடிக்கடி மார்பில் போடச் சொன்னோம், குடித்த பிறகு மிச்சத்தைப் பீய்ச்சி எடுக்கச் சொன்னோம், குழந்தையின் எடையைப் பார்த்துக்கொண்டே வந்தோம். பால் திரும்பியது.

கணவருக்கு வேறு வேலை கொடுத்தோம். பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை குடிக்கும். ஒரு தடவைக்கு அரை மணி நேரம் என்று வைத்தாலும் நாலு மணி நேரத்துக்குக் குறையாது. அதை அம்மாதான் செய்ய முடியும். ஆனால் ஒவ்வொரு தடவைக்கும் முன்னும் பின்னும் எவ்வளவு வேலை! இரவு இரண்டு மணிக்குக் குழந்தை சிணுங்கினால் எழுந்து, துணி மாற்றி, அவள் பக்கத்தில் கொண்டுபோய் விடுவது அப்பா. குடித்து முடித்ததும் வாங்கித் தோளில் போட்டு, முதுகைத் தட்டி ஏப்பம் வரவைத்து, மல்லாக்கப் படுக்க வைப்பதும் அவரே. அவள் விழித்திருப்பது பால் கொடுக்கும் நேரம் மட்டும்தான். ஏப்பம் வரவைப்பதில் அப்பாக்கள் கெட்டிக்காரர்கள் என்பது நான் பார்த்தது: அகலமான தோள், அவசரமில்லாத கை. சட்டையைக் கழற்றிவிட்டு வெற்று மார்பில் சாய்த்துக்கொண்டால் அழுகிற குழந்தைகூட அடங்கும். பால் கொடுக்கும்போது அவளுக்குத் தாகம் எடுக்கும். கைக்கெட்டும் இடத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் வைப்பதும் அவர் வேலைதான். (பத்தியம் என்று தண்ணீரைக் குறைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. தயவுசெய்து வேண்டாம்.)

இதற்கு மாமியார்கள் கொஞ்சம் மனது வைக்க வேண்டும். மாப்பிள்ளை பீத்துணி மாற்றினால் யாருக்கும் மரியாதைக் குறைச்சல் வந்துவிடாது. முகப்பிலேயே உட்கார வைக்காமல் அவரை உள்ளே விடுங்கள்.

தூரத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று. வீடியோ காலில் குழந்தை அழுவதைப் பார்த்ததும் "பால் பத்தலையா?" என்று கேட்காதீர்கள். தினமும் அதையே கேட்டால் அவளுக்கே சந்தேகம் வந்துவிடும், கவலையில் பால் இறங்குவதும் தாமதமாகும். கேட்க வேண்டியது வேறு: இன்றைக்கு எத்தனை தடவை சிறுநீர் போனான்? ஒரு வாரம் கழிந்த குழந்தை 24 மணி நேரத்தில் ஆறு தடவைக்குக் குறையாமல் போய், எடையும் ஏறிக்கொண்டிருந்தால் பால் போதுகிறது என்று அர்த்தம்.

சரி, அப்பா கையால் பால் கொடுக்கவே கூடாதா? கொடுக்கலாம். நாலு வாரம் போல ஆகி, குழந்தை மார்பில் நன்றாகப் பிடித்துக் குடிக்கப் பழகிய பிறகு, நாளைக்கு ஒரு வேளை பீய்ச்சிய தாய்ப்பாலை அவர் கொடுக்கட்டும். நம் வீடுகளில் சீரோடு வந்த வெள்ளிப் பாலாடை பீரோவில்தான் இருக்கும். எவர்சில்வரில் ஒன்று வாங்கினாலும் போதும். பாட்டில் நிப்பிளைவிட அதைச் சுத்தம் செய்வது சுலபம், மூக்குப் பகுதியை மட்டும் நன்றாகத் தேய்த்துக் கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும். குழந்தையைத் தலை உயர்ந்திருக்கும்படி மடியில் சாய்த்து, கீழுதட்டில் பாலாடையை வைத்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். விழுங்கிய பிறகுதான் அடுத்த மடக்கு. காலை இடுக்கிக்கொண்டு ஊற்றும் பழைய முறையில் பால் புரையேறும்.

பீய்ச்சிய பாலை 25 டிகிரி வரை உள்ள அறையில் நாலு மணி நேரம் வைக்கலாம். நம் ஊரில் சித்திரை, வைகாசியில் அந்தக் கணக்கு செல்லாது. செட்டிநாட்டு வீட்டுச் சுவர் குளிர்ச்சியாக இருக்கிறது என்று நம்பி வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் மூடி வைக்காதீர்கள். பீய்ச்சியதும் ஃப்ரிட்ஜில், கதவுப் பக்கம் இல்லாமல் உள்பக்கமாக வையுங்கள். நாலு நாள் வரை தாங்கும், கரண்ட் போய்ப் போய் வந்தால் அவ்வளவு நம்ப வேண்டாம். கொடுக்கும்போது வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடேற்றினால் போதும், அடுப்பில் காய்ச்சக் கூடாது. குழந்தை குடித்து மிச்சம் வைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள்.

பவுடர் பால் தேவைப்படும் குழந்தைகளும் உண்டு. எடை ஏறாத குழந்தை, குறிப்பிட்ட சில மருந்துகள் எடுக்கும் அம்மா என்று காரணங்கள் இருக்கும். மருத்துவர் சொன்னால் கொடுங்கள், அதில் குற்றவுணர்வு வேண்டாம். தூக்கமே இல்லாமல், காரணமில்லாமல் அழுதுகொண்டு, குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்று ஒரு பெண் சொன்னால், அங்கே முதலில் பார்க்க வேண்டியது அவளைத்தான். அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்து வாருங்கள்.

26 வார விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்புகிறவர்கள், இரண்டு வாரம் முன்பிருந்தே அப்பா கையால் ஒரு வேளை கொடுத்துப் பழக்குவது நல்லது. அதற்குள் குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருந்தால், மசித்த இட்லியும் பருப்புச் சாதமும் ஊட்டுவதை அவரே எடுத்துக்கொள்ளலாம். பால் மட்டும் கொஞ்சம் தகராறு செய்யும். அம்மா பக்கத்தில் இருக்கும்வரை சில குழந்தைகள் வேறு யார் கையாலும் வாங்காது. அந்த நேரத்தில் அவள் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டு வரட்டும். முதல் நாள் துப்பினால் மறுநாள் திரும்பக் கொடுத்துப் பாருங்கள்.