கையடக்கம்: காம்பாக்ட் கேமராவுக்கு நம்மகிட்ட இருக்கிற சொல்

காம்பாக்ட் கேமரான்னா சின்ன கேமரான்னுதான் நிறைய பேர் நினைச்சுட்டு இருக்காங்க, தமிழ்ல எழுதும்போதும் "சிறிய கேமரா"ன்னே எழுதிட்டு போயிடுறாங்க. எனக்கு அது ஒப்பவே இல்ல. சின்னதா இருக்கிறதெல்லாம் காம்பாக்ட் ஆயிடாது, அந்த சொல்லுக்குள்ள வேற ஒரு விஷயம் இருக்கு, அது பிடிபட்டா அந்த கேமராவை ஏன் அப்படி செஞ்சாங்கன்னும் புரியும், தமிழ்ல எந்த சொல் அதுக்குப் பொருந்தும்னும் தெரிஞ்சிடும்.

லத்தீன்ல "கொம்பாக்துஸ்"னு ஒரு சொல். "கொம்"னா ஒண்ணா சேர்த்து, "பாங்கெரெ"ன்னா இறுக்கிப் பொருத்துறது, ஆக "ஒண்ணோட ஒண்ணு இறுக்கி வச்சது"ன்னு அர்த்தம். இதுல அளவைப் பத்தி பேச்சே கிடையாது. நல்லா அடுக்கினா இடம் மிச்சமாகுது, அதனால பொருள் சின்னதாகுது, அவ்வளவுதான். ஊருக்குப் போறப்ப நாம திணிச்சா நாலு சேலைகூட கொள்ளாத பையில அம்மா மடிச்சு வச்சா எட்டு சேலையும் ரெண்டு துண்டும் போயிடும் பாருங்க, அந்த வேலைதான் காம்பாக்ட். முகத்துக்குப் போடுற பவுடர் டப்பாவையும் காம்பாக்ட்னுதான் சொல்றோம், இறுக்கின பவுடர், பஞ்சு, கண்ணாடி எல்லாம் ஒரே மூடிக்குள்ள.

இந்த சொல் ஏற்கனவே ஒரு தடவை தமிழுக்குள்ள வந்திருக்கு, காம்பாக்ட் டிஸ்க்ல. தமிழ்நாட்டுல அதைக் குறுந்தகடுன்னோம், இலங்கையில இறுவட்டுன்னாங்க. குறுந்தகடுல இருக்கிற "குறு" அளவை மட்டும்தான் சொல்லுது, இறுவட்டுல இருக்கிற "இறு" இறுக்கம், இறுகுதல்னு அந்தப் பக்கம் போகுது, லத்தீன் வேருக்கு அதுதான் கிட்ட. என்னைக் கேட்டா இறுவட்டுதான் ஒரு படி மேல. ஆனா கேமராவுக்கு அதை எடுத்து ஒட்டினா வாயில நிக்காது.

அதுக்காகப் புதுசா எதையும் உருவாக்கவும் வேண்டியதில்ல. பையில போட்டுக்கிற அளவுல வர்ற திருக்குறளைக் "கையடக்கப் பதிப்பு"ன்னு சொல்றோம், இலங்கையில செல்போனையே "கையடக்கத் தொலைபேசி"ன்னுதான் செய்தியில எழுதுறாங்க. அடக்கம்னா பணிவு மட்டும் இல்லீங்க, அடக்குறதுன்னா உள்ள இழுத்துக்கிறது, ஒரு இடத்துக்குள்ள கொள்ள வைக்கிறது. "ஆமைபோல் ஐந்தடக்கல்"னு குறள்ல வருது, அங்க பேச்சு ஐம்புலனைப் பத்தி, ஆனா உவமை என்னன்னா ஆமை தலையையும் நாலு காலையும் ஓட்டுக்குள்ள இழுத்துக்கிறது. இப்ப ஒரு காம்பாக்ட் கேமராவை ஆஃப் பண்ணிப் பாருங்க, வெளிய நீட்டிட்டு இருந்த லென்ஸ் சர்ருன்னு உள்ள போகுது, முன்னாடி ரெண்டு மெல்லிசு தகடு வந்து மூடிக்குது. அப்படியே அந்த ஆமைதான்! "கை"யும் இருக்கு "அடக்க"மும் இருக்கு, லத்தீன் சொல்லுல அடுக்குறது மட்டும்தான் இருந்துச்சு, யாரோட கைக்காக அடுக்கினாங்கங்கிறதை நம்ம சொல்தான் சொல்லுது.

அந்த அடக்குற வேலை எவ்வளவு கஷ்டம்னு கொஞ்சம் சொல்லணும். ஜூம் லென்ஸுங்கிறது ஒரே கண்ணாடி கிடையாது, பல கண்ணாடிகள் கூட்டம் கூட்டமா வரிசையா நிக்கும், அதை மொத்தமா பின்னாடி தள்ளினாலும் வரிசையோட நீளம் எங்க போகும்? 2002-ல வந்த மினோல்டா டிமாஜ் எக்ஸ்ல ஒரு பட்டகத்தை, அதாவது ப்ரிஸத்தை வச்சு ஒளியை 90 டிகிரி மடக்கி, லென்ஸ் வரிசையை கேமராவுக்குள்ளயே மேலருந்து கீழா நிக்க வச்சுட்டாங்க, அதனால லென்ஸ் வெளிய வரவே வராது. அடுத்த வருஷம் வந்த பென்டாக்ஸ் ஆப்டியோ எஸ்ல வேற வழி, ஆஃப் பண்ணினதும் நடுவுல இருக்கிற கண்ணாடிக் கூட்டம் வரிசையை விட்டு மேல நகர்ந்து ஒதுங்கிக்கும், மத்ததெல்லாம் அந்த இடத்துல வந்து உக்காந்துக்கும், 3 மடங்கு ஜூம் வச்சுக்கிட்டே மொத்த கேமராவோட தடிமன் 20 மில்லிமீட்டர்தான். நெரிசலான பஸ்ல ஒருத்தர் ஒதுங்கி நின்னு வழி விடுறாரே அது மாதிரி. இதைப் போய் "சிறிய"ன்னு ஒரு சொல்லுல முடிச்சா அந்த ஆளுங்க பட்ட பாடு எங்க தெரியும்?

ஆனா சும்மா ஒடுக்கிட்டே போனா கைக்கு ஆகாது, அதுதான் கையடக்கத்தோட இன்னொரு பாதி. 2000-ல வந்த கேனான் டிஜிட்டல் இக்ஸஸ் 87 மில்லிமீட்டர் அகலம், 57 உயரம், எடை 190 கிராம், சட்டைப் பையில போயிடும், அந்த ஒரு பெட்டியும் அதுமேல ஒரு வட்டமும்ங்கிற உருவத்தைப் பாத்துட்டு கேமரா இப்படியும் இருக்கலாமான்னு ஆசைப்பட்டவங்க அப்ப நிறைய. எனக்கும் ரொம்பப் பிடிச்ச வடிவம்தான், ஆனா முன்பக்கம் வழவழன்னு இருக்கிற கேமரா எதுவா இருந்தாலும் வேர்த்த கையில வழுக்கும், மணிக்கட்டுல கயிறு மாட்டாம எடுத்தா பயம்தான். அதுக்கு முன்னாடி 1995-ல கேசியோ க்யூவி-10 பின்னாடி ஒரு எல்சிடி திரையை வச்சு விட்டதுல ஆளுங்க கேமராவைப் பிடிக்கிற விதமே மாற ஆரம்பிச்சது, கண்ணுகிட்ட ஒட்டி வச்சுப் பாத்தது போய் கையை நீட்டி எடுக்க ஆரம்பிச்சாங்க, நீட்டின கை ஆடும், அப்ப கட்டைவிரல் நிக்க ஒரு இடமும் நடுவிரல் பிடிக்க முன்னாடி ஒரு மேடும் ரொம்ப முக்கியமாயிடுது. ரிக்கோ ஜிஆர் வரிசை கேமராவைக் கையில எடுத்தவங்களுக்குத் தெரியும், வலது கையால மட்டுமே எல்லாத்தையும் மாத்திடலாம், இடது கையில குடையோ குழந்தையோ இருக்கலாம்.

எங்க வீட்டுல முதல்ல வாங்கின காம்பாக்ட்ல ஆன் பண்ற பட்டனும் படம் எடுக்கிற பட்டனும் பக்கத்துல பக்கத்துல, ரெண்டும் ஒரே மாதிரி தட்டையா இருக்கும். அக்கா சீமந்தத்துல அம்மா கையில குடுத்தா, எல்லாரும் சிரிச்சுட்டு நிக்கும்போது அம்மா அழுத்துவாங்க, லென்ஸ் உள்ள போயிடும். மூணு தடவை இப்படி ஆகி, "எனக்கு இதெல்லாம் வராதுப்பா"ன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. தப்பு அம்மா மேல இல்ல, அதை செஞ்சவங்க மேலதான். அதுக்கப்புறம் வாங்கினதுல படம் எடுக்கிற பட்டன் பெருசா மேடா இருந்துச்சு, அதைச் சுத்தி ஜூம் வளையம், பவர் பட்டன் தள்ளி குழிக்குள்ள, பாதி அழுத்தினா பச்சைக் கட்டம் வரும் முழுசா அழுத்தினா படம்னு ஒரே ஒரு தடவைதான் சொன்னேன், அந்த நாள்லருந்து வீட்டுல அம்மாதான் போட்டோகிராபர். பாதி அழுத்துறதும் முழுசா அழுத்துறதும் ஒரே விரல்ல ரெண்டு கட்டளை, அந்த வித்தியாசத்தை விரல் உணரணும், அதை சரியா வைக்கிறது ஒரு கலை.

விரல்னதும் டிஜிட்டலைப் பத்தியும் சொல்லிடறேன். லத்தீன்ல "டிகிதுஸ்"னா விரல், விரல்விட்டு எண்ணினதால அதுவே எண்ணுக்குப் பேராச்சு, எண்ணா மாத்தி வைக்கிறதெல்லாம் டிஜிட்டல் ஆச்சு. நாமளும் "விரல்விட்டு எண்ணிடலாம்"னுதான சொல்றோம், அதனால "எண்ணிமம்"ங்கிற சொல் இதுக்கு நல்லா பொருந்துது. மின்னணுன்னு போடுறவங்க இருக்காங்க, அது எலக்ட்ரானிக், வேற. ஃபிலிம் போடுற கேமராவுக்குள்ளயும் மின்னணு சுற்று இருக்கத்தான் செய்யுது.

கேமராங்கிறது லத்தீன்ல அறை. "கேமரா ஆப்ஸ்க்யூரா"ன்னா இருட்டறை, வானியல் அறிஞர் கெப்ளர் 1604-ல பயன்படுத்தின பேர், சுவத்துல ஒரு ஓட்டை போட்டா வெளிய இருக்கிறது எதிர்ச்சுவத்துல தலைகீழா விழும். ஆள் உள்ள போய் நிக்கிற அறையா இருந்தது இன்னிக்கு ஆளோட கைக்குள்ள போயிடுச்சு. தமிழ்ல புகைப்படக் கருவி, நிழற்படக் கருவி, ஒளிப்படக் கருவின்னு மூணும் புழங்குது, போட்டோங்கிற கிரேக்க வேருக்கு ஒளின்னுதான் பொருள், அதனால எழுத்துல ஒளிப்படக் கருவிதான் சரி. "படப்பெட்டி" வேண்டாம், அது அந்தக் காலத்துல தியேட்டருக்கு வந்த சினிமாச் சுருள் பெட்டிக்குப் போயிடுச்சு. பேச்சுல கேமராவே இருந்துட்டுப் போகட்டும், அதுல எனக்கு எந்த வருத்தமும் இல்ல.

இதையே "பாயிண்ட் அண்ட் ஷூட்"னும் சொல்லுவாங்க, குறிவச்சு சுடுன்னு அப்படியே தமிழாக்கினா துப்பாக்கி வந்து நின்னுடும், நாம படத்தை சுடுறதில்ல, பிடிக்கிறோம். 1888-லயே கோடாக் விளம்பரம் பட்டனை நீங்க அழுத்துங்க மத்ததை நாங்க பாத்துக்கிறோம்னு சொன்னது, 1977-ல கோனிக்கா சி35 ஏஎஃப் தானா ஃபோகஸ் பண்ண ஆரம்பிச்சது, இந்த எளிமையைச் சொல்ற பேர்தான் பாயிண்ட் அண்ட் ஷூட், காம்பாக்ட் வடிவத்தைச் சொல்ற பேர். ரெண்டும் ஒண்ணு இல்ல. எல்லாத்தையும் கையால மாத்துற காம்பாக்டும் இருக்கு, 2012-ல வந்த சோனி ஆர்எக்ஸ்100 பேட்டரியோட 240 கிராம்தான், ஆனா அதுக்குள்ள 1 அங்குல வகைன்னு சொல்ற, ஒளியைப் படமா பதியுற சென்சாரும் முழு மேனுவலும் இருந்துச்சு. அதே மாதிரி லென்ஸ் கழட்ட முடியாதுங்கிற ஒரே காரணத்துக்காக முன்னாடி யானைத் தும்பிக்கை மாதிரி நீட்டிட்டு இருக்கிற பிரிட்ஜ் கேமராவையும் கடையில காம்பாக்ட் வரிசையில வச்சிடுறாங்க, அது கையடக்கம் கிடையாது, கழுத்துல மாட்டித்தான் ஆகணும்.

2010-ல உலகம் பூரா 10 கோடிக்கு மேல போன இந்த வகை, செல்போன்லயே நல்ல கேமரா வந்தப்புறம் 2023-ல 20 லட்சத்துக்கும் கீழ இறங்கிடுச்சு. இலங்கையில போன் ஏற்கனவே கையடக்கத் தொலைபேசி ஆயிட்டதால அங்க கையடக்கம்னு தனியா சொன்னா போன்னுதான் எடுத்துப்பாங்க, அதனால கேமராங்கிற சொல்லை விடாம சேர்த்தே எழுதுங்க. முழுசா எழுதணும்னா கையடக்க எண்ணிம ஒளிப்படக் கருவி, சும்மா பேச்சுக்குன்னா கையடக்கக் கேமரா, ரெண்டாவதுல நடுவுல ஒரு "க்" உண்டு, அதை மட்டும் விட்டுடாதீங்க.