கூன்வண்டு வாளியை விட்டு மரத்தில் இறங்குவது ஏன்?

ஆனைமலைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "தென்னந்தோப்பில் சிவப்புக் கூன்வண்டுக்கு இனக்கவர்ச்சி வாளி மாட்டினோம். முதல் மாதம் நிறைய விழுந்தது, அப்புறம் குறைந்துவிட்டது. ஆனால் வாளிக்குப் பக்கத்தில் நின்ற ஆறு வருசத்து மரம் குருத்து சாய்ந்து போய்விட்டது. வாளியே வண்டைக் கூட்டி வருகிறதா?"

ஆமாம், கூட்டித்தான் வருகிறது. கூட்டி வந்த வண்டு உள்ளே விழுகிறதா, வெளியே இறங்குகிறதா என்பதை இரண்டு வாசனைகள் சேர்ந்து முடிவு செய்கின்றன. வாளிக்குள் தொங்கவிடக் கடையில் வாங்கும் சிறு பொட்டலத்தில் இருப்பது அவற்றில் ஒன்று மட்டுமே.

அந்த முதல் வாசனை ஆண் வண்டுடையது. தென்னையில் தின்னத் தொடங்கிய ஆண், 4-மெதில்-5-நொனனால் என்ற ஆல்கஹாலையும் அதோடு கொஞ்சம் 4-மெதில்-5-நொனனோனையும் வெளிவிடுகிறது. 1993-ல் இதை இனங்கண்டார்கள். பொட்டலத்தில் இவ்விரண்டும் பெரும்பாலும் 9:1 அளவில் இருக்கும். உடுமலையிலும் கோபியிலும் பட்டுக்கூடு வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த பட்டு அந்துப்பூச்சியில் பெண் வாசனை விடும், ஆண் தேடி வரும். 1959-ல் ஜெர்மன் வேதியியலாளர் அடால்ஃப் புட்டனாண்ட் ஏறக்குறைய 5 லட்சம் பெண் அந்துப்பூச்சிகளிலிருந்து பிரித்தெடுத்த பாம்பிகால்தான் உலகில் முதன்முதலாக இனங்கண்ட பூச்சி ஃபெரோமோன், அதாவது தன் இனத்தை அழைக்கும் வாசனைப்பொருள். கூன்வண்டின் வாசனைக்கோ ஆண், பெண் இரண்டுமே வரும். இதைக் கூட்டுக்கவர்ச்சி என்பார்கள். பொறிகளில் விழுவதில் பெண்களே அதிகம். அவற்றிலும் பல ஏற்கெனவே இணைசேர்ந்து முட்டை சுமந்து வருபவை. வாளியை நோக்கிப் பறந்து வருவது பெரும்பாலும் முட்டையிடத் தயாரான தாய் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வாசனை எப்படி வழிகாட்டுகிறது என்பதில்தான் இந்த விஷயத்தின் அழகே இருக்கிறது. பொட்டலத்திலிருந்து கசியும் ஆவி ஒரே சீரான மேகமாகப் பரவுவதில்லை. ஊதுபத்திப் புகை போல இழை இழையாகப் பிரிந்து, இடையிடையே வெறுங்காற்றோடு நகர்கிறது. கூன்வண்டின் மூக்கு நீட்சியில் இரண்டு உணர்கொம்புகள் இருக்கின்றன. அவற்றின் குமிழ் போன்ற நுனி முழுக்க நுண்ணிய முடிகள். ஒவ்வொரு முடியிலும் கண்ணுக்குத் தெரியாத துளைகள். ஆவி மூலக்கூறு துளை வழியே நுழைகிறது. உள்ளே இருப்பதோ தண்ணீர் போன்ற திரவம், வந்த மூலக்கூறோ எண்ணெய்த்தன்மை உடையது, தானாகக் கரையாது. அங்கே காத்திருக்கும் ஒரு புரதம் அதைப் பொதிந்து எடுத்துக்கொண்டு நரம்புச் செல்லின் மேலுள்ள ஏற்பியிடம் சேர்க்கிறது. பூச்சிகளில் இந்த ஏற்பியே ஒரு கதவும் ஆகும். மூலக்கூறு பொருந்தியதும் கதவு திறந்து மின்னூட்டத் துகள்கள் உள்ளே பாய்கின்றன, நரம்பு துடிக்கிறது. வேலை முடிந்த மூலக்கூறை நொதிகள் உடனே சிதைத்துவிடுகின்றன. சிதைக்காவிட்டால் அடுத்த இழை எப்போது வந்தது என்று பூச்சிக்குத் தெரியாமல் போகும். இழை பட்டதும் காற்றை எதிர்த்துப் பறப்பதும், இழை நழுவியதும் இடமும் வலமுமாக அலைந்து தேடுவதும் பறக்கும் பூச்சிகள் பலவற்றின் வழக்கம். அந்துப்பூச்சிகளைக் காற்றுக்குழாயில் பறக்கவிட்ட சோதனைகளில், இடைவெளியே இல்லாமல் வாசனையை நிரப்பினால் அவை முன்னேறுவதையே நிறுத்திவிடுகின்றன. வாசனை எவ்வளவு முக்கியமோ, அதன் நடுவில் வரும் வெற்றிடமும் அவ்வளவு முக்கியம்.

இந்த இழையைப் பிடித்துக்கொண்டு வண்டு வாளி இருக்கும் பக்கத்துக்கு வந்துவிடும். கடைசிச் சில அடிகளுக்கு இரண்டாவது வாசனை வேண்டும்: புளித்த தென்னையின் வாசனை. வெட்டுப்பட்ட மட்டையிலும் தண்டிலும் சாறு புளிக்கும்போது எத்தில் அசிடேட் போன்ற, பழவாசனை வீசும் எஸ்டர்கள் கிளம்புகின்றன. இந்தப் புளித்த வாசனைக்காக வாளிக்குள் போடும் இரையைத் தனியாக வைத்தாலும் பொட்டலம் தனியாக வைத்தாலும் சுமாராகத்தான் விழும். இரண்டும் சேர்ந்தால் அந்த இரண்டு எண்ணிக்கைகளையும் கூட்டி வருவதை விட எவ்வளவோ அதிகம் விழும். வாசகரின் வாளியில் இரண்டாம் மாதம் இரை காய்ந்திருக்க வேண்டும். பொட்டலம் அழைத்துக்கொண்டே இருந்தது. வந்த பெண் வண்டு புளித்த சாறு எங்கே என்று தேடியபோது, பக்கத்து மரத்தில் ஒரு காயம் இருந்திருக்கிறது.

அந்தக் காயத்தைப் பெரும்பாலும் காண்டாமிருக வண்டு போட்டிருக்கும், இல்லையென்றால் அரிவாள். குருத்தைத் துளைத்த ஓட்டை, தண்டில் ஏறுவதற்கு வெட்டிய படி, ஒட்ட நறுக்கிய பச்சை மட்டை எல்லாமே கூன்வண்டுக்கு அழைப்புதான். பச்சை மட்டையை வெட்டியே ஆகவேண்டும் என்றால் தண்டிலிருந்து 120 செ.மீ. விட்டு வெட்டுங்கள் என்று வேளாண் துறையினர் சொல்வதன் காரணம் இதுவே: மட்டை நுனியில் இட்ட முட்டையிலிருந்து வரும் புழு தண்டுக்குள் எட்டுவதற்கு வழி நீளும். எருக்குழியைக் கிளறிக் காண்டாமிருக வண்டின் புழுவைப் பொறுக்குவதும், குருத்தை ஒட்டிய மூன்று மட்டைகளின் அடிக்கக்கத்தில் வேப்பங்கொட்டைத் தூளும் மணலும் 1:2 கலந்து மரத்துக்கு 150 கிராம் வைப்பதும் கூன்வண்டையும் சேர்த்துத் தடுக்கும் வேலைகள்.

வாளிக்கு வருவோம். வெளிப்புறம் வழுவழுப்பாக இருந்தால் வண்டு வழுக்கும். சாக்குத் துணி சுற்றுங்கள். உட்புறம் வழுவழுப்பாகவே இருக்கட்டும். விளிம்புக்குக் கொஞ்சம் கீழே நான்கு பக்கமும் வண்டு நுழையும் அளவு ஓட்டைகள் வேண்டும். பொட்டலத்தை மூடியின் உட்பக்கம் கம்பியில் தொங்கவிடுங்கள், தண்ணீரில் நனையக்கூடாது. இரைக்குப் பிளந்த பச்சை மட்டைத் துண்டு, கரும்பு, அழுகத் தொடங்கிய வாழைப்பழம் எது கிடைத்தாலும் போதும். ஒரு சிட்டிகை ஈஸ்ட் போட்டால் புளிப்பு சீக்கிரம் ஏறும். விழுந்த வண்டு மூழ்கும் அளவு தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும். வாரம் ஒரு முறை, மிஞ்சிப்போனால் பத்து நாளுக்கு ஒரு முறை, இரையையும் தண்ணீரையும் மாற்றாத வாளியைக் கழற்றி வைத்துவிடுவதே தோப்புக்கு நல்லது.

உயரம் தரையிலிருந்து ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் போதும். தென்னையில் கட்டாதீர்கள். 5 முதல் 20 வயது வரையுள்ள மரங்களைத்தான் இந்த வண்டு அதிகம் தாக்குகிறது. அவற்றை விட்டுத் தள்ளி, வரப்போரம் ஒரு கம்பம் நட்டு நிழலில் தொங்கவிடுங்கள். வெயில் படும் பொட்டலம் வேகமாக ஆவியாகித் தீரும். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக்காற்று வீசும் மாதங்களிலும் அது சீக்கிரம் காலியாகும் என்பதால், மூன்று மாதம் வரும் என்று அட்டையில் போட்டிருந்தாலும் கையில் எடுத்துப் பார்த்து மாற்றுங்கள். பிரிக்காத பொட்டலங்களை ஃபிரிட்ஜில் வைக்கலாம்.

மரம் சாய்ந்ததும் கண்ணுபட்டுவிட்டது என்று பூசணிக்காய் கட்டும் தோப்புகள் இன்னும் இருக்கின்றன. கட்டுவதால் மரத்துக்குக் கெடுதல் இல்லை, ஆனால் அதற்குள் வாரங்கள் போய்விடுகின்றன. தண்டு ஓட்டையில் பழுப்புச் சாறு வடிவதையும் மென்ற நார் தள்ளியிருப்பதையும் அந்த வாரங்களில் பார்த்திருந்தால் மரத்தைக் காப்பாற்றியிருக்கலாம். உள்ளே புழு இருப்பதை மோப்பத்தால் கண்டுபிடிக்க நாய்களைப் பழக்கிப் பேரீச்சை மரங்களில் சோதித்திருக்கிறார்கள். தென்னைக்கும் அதைப் பெரிய அளவில் முயன்று பார்க்கலாம். கணவாய்க் காற்றில் வாசனை எவ்வளவு தூரம் போகிறது, வாளிக்கும் வாளிக்கும் எத்தனை அடி இடைவெளி வேண்டும் என்பதையெல்லாம் பொள்ளாச்சியிலும் உடுமலையிலும் பல வருசம் அளந்து பார்க்கப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. புது மருந்து வாங்கச் செலவிடும் தொகையோடு பார்த்தால் இது சிறிய காசு.

அதுவரை ஹெக்டேருக்கு ஒரு வாளி என்ற கணக்கை வைத்துக்கொள்ளலாம். ஆனால் பக்கத்துத் தோட்டக்காரர்களிடமும் பேசிவிட்டு மாட்டுங்கள். அவர்கள் தோப்பு வண்டும் உங்கள் வாளிக்கு வரும், வாளி காய்ந்தால் உங்கள் மரத்தில்தான் இறங்கும். காண்டாமிருக வண்டுக்கான பொட்டலம் வேறு. எத்தில் 4-மெதில்ஆக்டனோயேட் என்ற பொருள் உள்ள அது இரை இல்லாமலே வேலை செய்யும். அதை எருக்குழிப் பக்கம் தனிப் பொறியில் வையுங்கள்.