விபத்துக்கு முன் நடக்கும் மீட்பு

அமெரிக்காவில் 2023-ஆம் ஆண்டு உல்லாசப் படகு விபத்துகளில் 564 பேர் உயிரிழந்தனர். இறப்பின் காரணம் தெரியவந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் நீரில் மூழ்கி இறந்தவர்கள். அப்படி மூழ்கியவர்களில் 87 சதவீதத்தினர் லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை. அந்நாட்டுக் கடலோரக் காவல் படை ஆண்டுதோறும் வெளியிடும் இந்தக் கணக்கில் இறப்பு எண்ணிக்கை ஏறியும் இறங்கியும் வந்தாலும், மேற்சொன்ன விகிதம் பெரிதாக அசைவதில்லை. கவிழ்ந்த படகை நோக்கி மீட்பு ஹெலிகாப்டர் எத்தனை நிமிடத்தில் வருகிறது என்பதைவிட, துறையை விட்டுக் கிளம்பும்போது அந்தப் படகில் என்ன இருந்தது, என்ன இல்லை என்பதே பலருடைய உயிரைத் தீர்மானித்திருக்கிறது என்று இதிலிருந்து தெரிகிறது. அதைப் படகுத் துறையில் நின்று சோதித்துப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத சாதாரணப் படகு உரிமையாளர்கள்.

அவர்களுடைய அமைப்பின் பெயர் கடலோரக் காவல் துணைப்படை. அமெரிக்க நாடாளுமன்றம் 1939 ஜூன் 23 அன்று இதை ஏற்படுத்தியது. இன்றைய பெயர் 1941-இல் சூட்டப்பட்டது. 1942-இல் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு அருகிலேயே சரக்குக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தபோது, ரோந்துக்குப் போதிய கப்பல்கள் இல்லாத நிலையில் தனியாருடைய பாய்மரப் படகுகள் கடற்காவலுக்கு அனுப்பப்பட்டன. போர் முடிந்த பின்னும் அமைப்பு கலைக்கப்படவில்லை. உறுப்பினர்கள் தங்கள் சொந்தப் படகையே சோதனைக்கு உட்படுத்தி ரோந்துக்குத் தருகிறார்கள். உத்தரவு பெற்று ரோந்து செல்லும்போது எரிபொருள் செலவு திருப்பித் தரப்படுகிறது. எவரையும் கைது செய்யவோ அபராதம் விதிக்கவோ அவர்களுக்கு அதிகாரம் கிடையாது.

அதிகாரம் இல்லாததே அவர்களுடைய முதன்மையான பணிக்குத் துணை நிற்கிறது என்பது என் கருத்து. படகுப் பாதுகாப்புச் சோதனை முற்றிலும் இலவசம். உரிமையாளர் விரும்பினால் மட்டுமே நடக்கும். குறை இருந்தால் அது அவருக்கு மட்டும் சொல்லப்படும், காவல் துறைக்குப் போகாது. குறை இல்லையென்றால் அந்த ஆண்டைக் குறிக்கும் ஒட்டுவில்லை ஒன்று படகில் ஒட்டப்படும். அபராத பயம் இல்லாததால் உரிமையாளர் தன் பெட்டிகளையெல்லாம் தயங்காமல் திறந்து காட்டுகிறார். பழுதானதை மறைப்பதால் அவருக்கு எந்த லாபமும் இல்லை.

சோதகர் முதலில் கேட்பது லைஃப் ஜாக்கெட்டைத்தான். மனித உடலின் அடர்த்தி நீரின் அடர்த்திக்கு மிக அருகில் இருப்பதால், வளர்ந்த ஒருவரின் தலை நீருக்கு மேலே நிற்பதற்குத் தேவைப்படும் கூடுதல் மிதப்பு விசை 3 முதல் 5 கிலோ எடையைத் தாங்குமளவு இருந்தால் போதும். 80 கிலோ எடையுள்ள மனிதரை ஒரு சிறிய நுரைப் பட்டை காப்பாற்றுவது இதனால்தான். ஆனால் அந்த நுரை ஆண்டுக்கணக்கில் இருக்கைக்கு அடியில் நசுங்கிக் கிடந்தால் அதனுள் இருக்கும் காற்றறைகள் உடைந்து மிதப்பு குறைந்துவிடும்; ஆகவே சோதகர் ஜாக்கெட்டைக் கையால் அழுத்திப் பார்க்கிறார், துணியை இழுத்துப் பார்க்கிறார், வார்களின் தையலையும் கொக்கிகளையும் பார்க்கிறார். காற்றடைத்து விரியும் வகையாக இருந்தால் கவனம் வேறு இடத்துக்குப் போகும். அதில் கார்பன் டை ஆக்சைடு நிரம்பிய ஒரு சிறு உருளை இருக்கிறது. தானாக விரியும் பல மாதிரிகளில், நீர் பட்டவுடன் கரையும் ஒரு வில்லை ஊசியைப் பிடித்துவைத்திருக்கும். வில்லை கரைந்ததும் ஊசி பாய்ந்து உருளையைத் துளைக்க, சில நொடிகளில் ஜாக்கெட் விரிகிறது. முந்தைய பருவத்தில் ஒருமுறை விரிந்து, உருளை மாற்றப்படாமலே மடித்து வைக்கப்பட்ட ஜாக்கெட் வெளிப் பார்வைக்குப் புதிதாகவே தெரியும். உருளையைக் கழற்றி அதன் முனையில் துளை இருக்கிறதா என்று பார்த்தால்தான் உண்மை புலப்படும்.

நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் ஜாக்கெட் எதற்கு என்ற கேள்விக்குக் குளிர்நீரின் உடலியங்கியல் பதில் சொல்கிறது. குளிர்ந்த நீரில் திடீரென விழுபவர், தன் விருப்பம் எதுவாக இருந்தாலும், முதலில் பெருமூச்சை இழுத்தே தீர்வார். அந்த நேரத்தில் வாய் நீருக்கடியில் இருந்தால் கதை அங்கேயே முடிந்துவிடும். மூச்சு கட்டுக்குள் வர ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகும். அதன் பிறகு கை கால்கள் சொன்னபடி இயங்குவது சுமார் பத்து நிமிடம்தான், ஏனெனில் மைய உறுப்புகளின் வெப்பத்தைக் காக்க உடல் கைகால்களுக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைத்துவிடுகிறது. உடல் வெப்பம் இறங்கி நினைவு தப்புவதற்கு ஒரு மணி நேரம் வரை ஆகலாம். ஆகவே பலர் குளிரில் உறைந்து இறப்பதில்லை. நீந்தும் திறன் போனபின் மூழ்கி இறக்கிறார்கள். ஜாக்கெட் இருந்தால் அந்த ஒரு மணி நேரம் முழுவதும் மீட்பவர்களுக்குக் கிடைக்கிறது.

அடுத்து இயந்திர அறை. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. காரில் கசிந்தால் அது தரைக்கு இறங்கிக் காற்றோடு போய்விடும். படகின் அடிப்பகுதியோ நாற்புறமும் மூடப்பட்ட தொட்டி என்பதால் அங்கேயே தேங்கி நிற்கும். காற்றில் பெட்ரோல் ஆவி வெறும் 1.4 சதவீதம் கலந்தாலே அது தீப்பிடிக்கும் கலவையாகிவிடுகிறது. இதற்காகத்தான் உள்ளே பொருத்தப்பட்ட பெட்ரோல் இயந்திரத்தைக் கிளப்பும் முன் ஊதுவிசிறியைக் குறைந்தது நான்கு நிமிடம் ஓடவிட வேண்டும் என்று எச்சரிக்கைப் பலகை வைக்கப்படுகிறது. சோதகர் விசிறியைப் போட்டுவிட்டு, வெளியேற்றும் துளையின் முன் கையை வைத்துக் காற்று வருகிறதா என்று பார்ப்பார். மோட்டார் சத்தம் கேட்டாலும் குழாய் கழன்றிருந்தால் அது வெறும் சத்தம்தான். கார்புரேட்டரின் மேல் இருக்கும் சுடர் தடுப்பியும் சோதிக்கப்படும். சுடர் நெருக்கமான உலோக இடுக்குகளின் வழியே செல்லும்போது அதன் வெப்பத்தை உலோகம் உறிஞ்சிக்கொள்வதால், மறுபுறம் எரிவதற்குத் தேவையான வெப்பம் எஞ்சுவதில்லை. 1815-இல் ஹம்ப்ரி டேவி சுரங்கத் தொழிலாளர்களுக்காக வடிவமைத்த கம்பிவலை விளக்கின் தத்துவமே இங்கும் வேலை செய்கிறது. விலை மலிவு என்று கார் உதிரிபாகத்தைப் படகில் மாட்டுபவர்கள் உண்டு. மின்சாரம் உண்டாக்கும் கார் ஆல்டர்னேட்டரிலிருந்து தீப்பொறி வெளியே வரலாம், கடல்சார் வகையில் அது உள்ளேயே அடக்கப்பட்டிருக்கும்.

அதே அடிப்பகுதியில்தான் தூய்மைப் பிரச்சினையும் தொடங்குகிறது. அங்கே சேரும் நீரில் இயந்திர எண்ணெய் கலந்திருந்தால், தானியங்கிப் பம்பு அதையும் சேர்த்தே வெளியே தள்ளிவிடும். நீரின் மேல் வானவில் நிறங்களாகத் தெரியும் எண்ணெய்ப் படலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவாகக்கூட இருக்கலாம். 0.3 மைக்ரோமீட்டர் என்று கொண்டால், ஒரு லிட்டர் எண்ணெய் 3,300 சதுர மீட்டருக்கு மேல் பரவிவிடும். 26 அடியும் அதற்கு மேலும் நீளமுள்ள படகுகளில் எண்ணெய் கொட்டுவதற்கு எதிரான அறிவிப்புப் பலகை இருந்தே ஆக வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம்; சோதகர் அதைத் தேடிப் பார்ப்பதோடு, எண்ணெயை மட்டும் உறிஞ்சி நீரை விட்டுவிடும் பஞ்சுப் பட்டையை அடிப்பகுதியில் போட்டுவைக்கவும் சொல்வார். சிந்திய எண்ணெயின் மேல் பாத்திர சோப்பை ஊற்றிப் பளபளப்பை மறைப்பது பலருக்கும் தோன்றும் குறுக்கு வழி. சோப்பு எண்ணெயை நுண்துளிகளாக உடைத்து நீருக்குள் இறக்குகிறது; கண்ணுக்குத் தெரியாமல் போகும் எண்ணெய் மீன்குஞ்சுகளுக்கு இன்னும் அருகில் போய்ச் சேர்கிறது. சட்டமும் அதைத் தடை செய்கிறது.

கழிவறைக் கழிவைக் கடலுக்குத் திருப்பிவிடும் வால்வு கரையிலிருந்து மூன்று மைலுக்குள் பூட்டிவைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதும் சோதனையில் ஓர் அம்சம். இன்னொரு தொல்லை கண்ணுக்கே தெரியாதது. 1988-இல் அமெரிக்க–கனடா எல்லையிலுள்ள செயின்ட் கிளேர் ஏரியில் ஜீப்ரா மட்டி என்ற ஐரோப்பியச் சிப்பி கண்டுபிடிக்கப்பட்டது. கப்பல்கள் சாயாமலிருக்க அடியில் ஏற்றிவைக்கும் நீரில் கலந்து அது கடல் தாண்டி வந்திருந்தது. ஏரிக்கு ஏரி அதைப் பரப்புவதில் டிரெய்லரில் ஏற்றிச் செல்லப்படும் சிறு படகுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அதன் இளம்புழுக்கள் நுண்ணோக்கியில் மட்டுமே தெரிபவை என்பதால், மீன் போட்டுவைக்கும் தொட்டியில் ஒரு குவளை நீர் மிஞ்சினாலும் அடுத்த ஏரிக்குப் போய்விடும். துடை, வடி, உலர்த்து என்று தன்னார்வலர்கள் படகிறக்கும் சரிவுகளில் நின்று சொல்லிக்கொண்டிருப்பது இதற்காகத்தான்.

ரோந்து செல்லும்போது அவர்கள் பார்ப்பது பெரும்பாலும் மிதவைகளை. கால்வாயின் ஓரத்தைக் காட்டும் மிதவை, அடியில் ஒரு கனமான கட்டையோடு சங்கிலியால் பிணைக்கப்பட்டிருக்கிறது. சங்கிலி நீரின் ஆழத்தைவிட நீளமாக இருப்பதால் மிதவை ஒரு வட்டத்துக்குள் நகர்ந்துகொண்டேயிருக்கும். ஆகவே வரைபடத்தில் குறித்த புள்ளியில் அது துல்லியமாக இல்லை என்பது குற்றமாகாது. வட்டத்துக்கு வெளியே போய்விட்டதா என்பதே கேள்வி. குளிர்காலப் பனிக்கட்டி கட்டையோடு சேர்த்து இழுத்துப்போன மிதவை, பார்வைக்கு ஒழுங்காக மிதந்தபடியே படகுகளைப் பாறையின் மேல் அழைத்துச் செல்லக்கூடும். ஜிபிஎஸ் அளவையும் ஆழத்தையும் குறித்துத் தன்னார்வலர் அனுப்பும் அறிக்கைதான் பல நேரங்களில் முதல் தகவல். பாதுகாப்புக் கண்காணிப்பும் இதே வகையைச் சேர்ந்தது: பாலத்தின் தூணை ஒருவர் நெடுநேரம் படமெடுப்பதோ, இரவில் வழக்கமில்லாத இடத்தில் படகு நிற்பதோ தெரிந்தால் நெருங்காமல் தகவல் சொல்ல வேண்டும் என்பதே அவர்களுக்குத் தரப்படும் அறிவுரை. அந்த நீர்நிலையில் எது வழக்கம் என்று இருபது கோடைகளாகப் பார்த்தவருக்கே வழக்கமில்லாதது கண்ணில் படும்.

இத்தனைக்கும் பிறகும் யாரோ ஒருவர் நீரில் விழுகிறார். அப்போது தேவைப்படும் கணிதத்தின் வேர் இரண்டாம் உலகப் போரில் இருக்கிறது. நீர்மூழ்கிகளைத் தேடுவதற்காக அமெரிக்கக் கடற்படையில் பெர்னார்ட் கூப்மன் என்ற கணிதவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் உருவாக்கிய தேடல் கோட்பாடே இன்று மனிதர்களைத் தேடப் பயன்படுகிறது. அதன் மையக் கருத்து துழாவல் அகலம்: ஒரு படகு நேர்கோட்டில் செல்லும்போது எவ்வளவு அகலமான பட்டையைத் தேடியதற்குச் சமம் என்ற அளவு. நீரில் மிதக்கும் மனிதரின் வெளியே தெரியும் பகுதி ஒரு தேங்காயளவுதான். அலை எழும்பினால் அதுவும் மறையும். காற்று 15 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தைத் தாண்டும்போது துழாவல் அகலத்தைப் பாதியாகக் கணக்கிடுவது வழக்கம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தேட வேண்டிய பரப்பு 10 சதுரக் கடல் மைல், துழாவல் அகலம் கால் கடல் மைல் என்றால், பரப்பை ஒருமுறை முழுதாக மூட 40 கடல் மைல் ஓட வேண்டும். 10 நாட் வேகத்தில் ஒரே படகுக்கு நான்கு மணி நேரம். காற்று எழும்பி அகலம் பாதியானால் எட்டு மணி நேரம். நான்கு படகுகள் பகுதியைப் பிரித்துக்கொண்டால் முதல் கணக்கு ஒரு மணி நேரமாகக் குறைகிறது. குளிர்நீரில் இருப்பவருக்கு மிஞ்சியிருக்கக்கூடிய நேரமும் அவ்வளவே. தன்னார்வலர்களின் படகுகள் அரசுப் படகுகளோடு சேர்வதன் பயன் இந்த வகுத்தலில் இருக்கிறது. ஒழுங்கின்றி அலைந்து தேடினால், ஒருமுறை மூடுமளவு ஓடியபின் கண்டுபிடிக்கும் வாய்ப்பு 63 சதவீதம். இணைகோடுகளில் ஒழுங்காகச் சென்றால் நல்ல வானிலையில் அது 78 சதவீதமாகிறது.

விழுந்த இடம் நன்றாகத் தெரிந்தால் வேறு முறை. அங்கே ஒரு மிதப்பானைப் போட்டுவிட்டு, அதன் வழியாக மூன்று முக்கோணங்களைப் படகு வரைகிறது. ஒவ்வொரு கோடும் ஒரே நீளம், ஒவ்வொரு திருப்பமும் வலப்புறம் 120 பாகை. நீரோட்டம் மனிதரை இழுத்துச் சென்றாலும் மிதப்பானும் அதே நீரோட்டத்தில் நகர்வதால் தேடலும் கூடவே நகர்கிறது. காற்றை வாங்கும் பொருள்களுக்கு இது பொருந்தாது. கயாக் என்ற சிறு துடுப்புப் படகு ஆளில்லாமல் இருந்தால் காற்றுக்கு விரைவாக ஓடும், மனிதர் நீரோட்டத்தோடு செல்வார். இரண்டும் ஒரே இடத்தில் தொடங்கி மணிக்கணக்கில் விலகிப் போயிருக்கும்.

அந்த ஆளில்லாத கயாக்கே தேடலுக்குப் பெரிய தலைவலி. யாரோ மூழ்கிவிட்டாரா, அல்லது இரவில் கட்டவிழ்ந்து மிதந்து வந்ததா என்பது அதைப் பார்த்தால் தெரியாது. தெரியாதவரை அது உயிர்ப்பிரச்சினை என்றே கொண்டு படகுகளும் ஹெலிகாப்டரும் புறப்பட வேண்டியிருக்கிறது. அதனால் துணைப்படையினர் துடுப்புப் படகுக்காரர்களுக்கு, கண்டெடுத்தால் அழைக்க வேண்டிய எண்ணை எழுதிக்கொள்ளும் பளிச்சென்ற ஒட்டுவில்லை ஒன்றை இலவசமாகத் தருகிறார்கள். அழியாத மையால் உரிமையாளர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதி, உப்புநீரும் வெயிலும் அதிகம் படாத இடமாகப் பார்த்து ஒட்ட வேண்டும். எண்ணை அழைத்து, உரிமையாளர் வீட்டில் பத்திரமாக இருப்பதாகச் சொன்னால், தேடல் அந்த அழைப்போடு நிறுத்தப்படுகிறது.