400 வீடுகள், ஒரே கேட்: போக்குவரத்துத் தாக்க அறிக்கையில் எதைப் பார்க்க வேண்டும்?

பெரிய அடுக்குமாடி வளாகம் வருகிறது என்றதும் "முன்னால ரோடு எத்தனை அடி?" என்றுதான் கேட்கிறோம். காலை ஒரு மணி நேரத்தில் எத்தனை வண்டி வெளியே வரும், அவை எங்கே போய்த் திரும்பும் என்ற கேள்விகளே நெரிசலைத் தீர்மானிக்கின்றன. கட்டுமானத் தரப்பு கொடுக்கும் போக்குவரத்துத் தாக்க அறிக்கையில் இதற்கான பதில் இருக்க வேண்டும்.

முதலில் கணக்கெடுத்த தேதியைப் பாருங்கள். மே மாதத்தில் எடுத்திருந்தால் பள்ளி வேன்களும், பிள்ளையை இறக்கிவிடும் பைக்குகளும் அதில் இருக்காது. பள்ளி, கல்லூரி நடக்கும் சாதாரண வேலைநாளில், 15 நிமிடத்துக்கு ஒரு பதிவாக எடுத்திருக்க வேண்டும்.

அடுத்தது பி.சி.யு., அதாவது எல்லா வண்டியையும் கார் கணக்குக்கு மாற்றும் அலகு. பெரும்பாலோர் கவனிக்காத தவறு இங்கேதான் நடக்கிறது. சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலை காங்கிரஸின் 1990ஆம் ஆண்டு வழிகாட்டி (ஐ.ஆர்.சி. 106) ஒவ்வொரு வகை வண்டிக்கும் இரண்டு மதிப்பு தருகிறது. மொத்த வண்டிகளில் இருசக்கர வாகனம் 5 சதவீதம் என்றால் 0.5, 10 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 0.75. நம் ஊர்ச் சாலை எதிலும் பைக் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்காது. மணிக்கு 800 பைக் போகும் தெருவில் 0.5 போட்டால் 400, 0.75 போட்டால் 600. இருவழியாக ஓடும் இரண்டு தட இணைப்புச் சாலைக்கு அதே வழிகாட்டி வைக்கும் கொள்ளளவே மணிக்கு 900 அலகுதான். ஒரு தசம எண்ணை மாற்றியே சாலையில் 200 அலகு 'காலி இடம்' காட்டிவிடலாம்.

பிறகு கேட். செக்யூரிட்டி நோட்டில் எழுதி, தடுப்பைத் தூக்க ஒரு காருக்கு 18 நொடி என்று வையுங்கள். மணிக்கு 200 கார்தான் உள்ளே போகும். மாலையில் அதற்கு மேல் வந்தால் வரிசை ரோட்டுக்கு வரும். நிற்கும் காருக்கு 6 மீட்டர் வீதம் ஐந்து கார் நின்றாலே 30 மீட்டர், பஸ் நிறுத்தம் வரை அடைபடும். சாலையை அகலப்படுத்தினாலும் இது தீராது. தடுப்பை 30 மீட்டர் உள்ளே தள்ளி, குடியிருப்போருக்குத் தானியங்கி ஸ்டிக்கரும், டெலிவரி வண்டிகளுக்குத் தனித் தடமும் வைத்தால் தீரும். வரைபடத்திலேயே கேட்டு வாங்க வேண்டிய விஷயம் இது.

சென்னையின் ஓஎம்ஆர் (பழைய மாமல்லபுரம் சாலை) போல நடுத்தடுப்பு உள்ள சாலையில் வலப்பக்கம் போக வேண்டியவரும் இடப்பக்கம்தான் இறங்கி, யு-டர்ன் வரை ஓடித் திரும்புவார். ஆகவே முன்சாலையை மட்டும் எண்ணிய அறிக்கை அரைகுறை. அந்த யு-டர்னில் இப்போதே எவ்வளவு வரிசை நிற்கிறது என்பதும் வேண்டும்.

கலிபோர்னியாவில் 2020 ஜூலை 1 முதல், சந்திப்பில் ஏற்படும் தாமதத்தைச் சுற்றுச்சூழல் பாதிப்பாகக் கணக்கிடுவதை விட்டு, திட்டத்தால் கூடும் வாகன ஓட்டத் தூரத்தை அளக்கிறார்கள். தாமதத்தை மட்டும் அளந்தால் சாலையை அகலமாக்குவதே பரிகாரமாகிவிடுகிறது. மாதவரம்–சிறுசேரி மெட்ரோ வரும் பாதையில் நமக்கும் இந்தப் பார்வை தேவை. நிலையம் 400 மீட்டரில் இருந்தும், இடையில் மழைநீர் வடிகால் மூடி உடைந்து நடைபாதை அறுந்திருந்தால் ஜனங்கள் பைக்கைத்தான் எடுப்பார்கள்.

கேட், நடைபாதை வேலைகளை "பின்னர் செய்யப்படும்" என்று அறிக்கையில் விட்டுவிடக் கூடாது. பணி நிறைவுச் சான்றிதழுக்கு முன் முடிக்க வேண்டும் என்று திட்ட அனுமதி ஆணையிலேயே நிபந்தனையாக எழுத வேண்டும். சான்றிதழ் கைக்கு வந்தபின் அந்த வேலைக்கு யாரும் ஆள் அனுப்புவதில்லை.